பதினோரு மாதச் சூடு

“ஒங்க வீட்டுல கரண்டு பில்ல வாசிக்கத் தெரிஞ்ச மொத ஆளே நீங்கதானாம். நீங்க கரண்டு உண்டாக்கப் போறீகளாக்கும்?”

முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான நேர்காணலில் மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவர் கையில் என்னுடைய முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தது. மற்ற தாள்களுக்கெல்லாம் மேலே அதைத்தான் வைத்திருந்தேன். வேறெதற்கு, பெருமைக்குத்தான். என் அப்பா அமராவதிபுதூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கொதிகலன் அடுப்புக்கு உமி தள்ளுகிறவர். அம்மா அதே ஆலைக் களத்தில் நெல் காயப்போடுகிறவர். இருவருக்கும் கைநாட்டு.

“பில்லை வாசிக்க ஒரு ஆள் போதும் மேடம். அது அஞ்சு நிமிஷ வேலை. மிச்ச நேரத்துல வேற ஏதாவது செய்யணும்ல” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“இத ஏன் இன்னும் லேமினேட் பண்ணாம வச்சிருக்கீக?”

முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்டிருப்பார்கள். எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை உலகத்தில் மேடம் ஒருவர்தான் கேட்டிருக்க முடியும். எனக்கு இடம் கிடைத்தது. அன்று சாயங்காலமே போய் லேமினேட் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடிக்கு வெளியே, பொட்டல் காட்டில் நின்ற ஒரு கல்லூரி அது. மேடம் எங்கள் துறைத் தலைவர். முகத்துக்கு நேரே மேடம் என்போம். முதுகுக்குப் பின்னால் ஆச்சி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காதோரம் நரை, கையில் ஒரு பெரிய தோல் பை. அந்தப் பைக்கு மேல் ஒரு துணிப்பை. தோல் பை அழுக்காகக் கூடாதாம்.

அவருடைய கைப்பேசித் திரையில், வாங்கிய அன்று கடையிலேயே ஒட்டியிருந்த மெல்லிய தாள் அப்படியே இருந்தது. ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் கொப்புளம் விட்டு, யார் அழைக்கிறார்கள் என்பதே அதில் தெரியாது. சொந்தத் தங்கை அழைத்தாலும் “ஹலோ, யாரு பேசுறீக?” என்றுதான் தொடங்குவார். கார் வாங்கி ஏழு வருடம் ஆகியும் இருக்கைகளில் பாலிதீன் உறை. சித்திரை வெயிலில் அந்தக் காரில் போனவர்கள் இறங்கும்போது உறை பாதித் தூரம் அவர்களோடு கூடவே வரும். மழைக்கு இரண்டு குடை வைத்திருந்தார். ஒன்று கம்பி ஒடிந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நனைவார். மற்றொன்று நல்ல குடை. அது பைக்குள் நனையாமல் இருக்கும்.

“மேடம், நல்ல குடைய எடுக்கலாமே” என்று ஒருமுறை கேட்டேன்.

“இந்த மழைக்கா?” என்றார், எனக்கு மழையைத் தரம் பிரிக்கத் தெரியவில்லை என்பது போல.

ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க நேமத்தான்பட்டியில் இருந்த அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடு. அதில் பூட்டாமல் இருந்தவை ஓர் அறையும் சமையற்கட்டும்தான். பழசையெல்லாம் பூட்டிவைத்திருப்பதில் அந்த ஊரில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மேடம் புதுசையும் பூட்டிவைத்திருந்தார். சமையற்கட்டின் பரண்மேல் மூன்று மிக்ஸிகள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தன. கீழே, மூடியை அமுக்கிப் பிடித்தால் மட்டும் ஓடுகிற ஒரு மிக்ஸியில் அவர் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் மிக்ஸியை அமுக்கிக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டார். கோப்பில் இரண்டு கடுகு ஒட்டியிருந்தது.

இப்படிப்பட்டவரிடம் ஓர் ஆராய்ச்சித் திட்டம் வந்து சேர்ந்தது. தலைப்பு என்ன தெரியுமா? சேமிப்பு. வெப்பத்தையும் குளிரையும் சேமித்து மின்சாரம் எடுப்பது. திட்டம் கொடுத்தவர்களுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரிந்திருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் இதுதான். புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும், தின்னக்கூடாது என்று எழுதி. உள்ளே ஈரத்தை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும் மணிகள். அவற்றைவிடப் பெரிய தாகம் கொண்டது சியோலைட் என்ற ஒரு வகை மணி. அதை நன்றாகச் சுடவைத்தால் ஈரமெல்லாம் போய்விடும். காய்ந்த மணிகளைக் காற்று நீக்கிய டிரம்மில் மூடிவைத்தால் டிரம் ஆறிப்போகும், ஆனால் நாம் கொடுத்த சூடு வீணாகாது. மணிகளின் தாகமாக அது உள்ளேயே கிடக்கும். பக்கத்தில் ஒரு சின்ன டிரம்மில் தண்ணீர், அதிலும் காற்று கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வால்வு. வால்வைத் திறந்தால் நீராவி பாய்ந்துபோய் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மணிகள் சுடும். ஆவியை இழந்த தண்ணீர் ஜில்லிட்டுப்போகும். இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர். சீக்கிரம் கொதிக்கும் ஒரு திரவத்தை இரண்டுக்கும் இடையில் ஓடவிட்டால், அது சூட்டில் ஆவியாகி ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் குளிரில் மறுபடி திரவமாகும். சக்கரம் சுற்றினால் மின்சாரம். பகல் வெயிலையோ, என் அப்பா வேலை பார்க்கும் ஆலையின் புகைபோக்கியில் போகிற சூட்டையோ பிடித்துவைத்து, வேண்டும்போது விளக்கெரிக்கலாம்.

இதில் ‘வேண்டும்போது’ என்பதைத் தவிர மற்ற எல்லாமே மேடத்துக்குப் பிடித்திருந்தது.

நான் சேர்ந்த மறுவருடம் கார்த்திகையில் பெரிய டிரம்மைக் காயவைத்தோம். நானும் பணிமனையில் இருந்த ஃபிட்டர் அண்ணனும் இரண்டு நாள் மாறி மாறி ஹீட்டரைப் பார்த்துக்கொண்டோம். கடைசிச் சொட்டு ஈரமும் போனதும் மேடம் வந்து தன் கையாலேயே வால்வை இறுக்கி மூடினார். அப்புறம் வால்வின் சக்கரக் கைப்பிடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். பைக்குள் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.

“மேடம், அது இல்லாம எப்படித் தொறக்குறது?”

“அதுக்குத்தான” என்றார்.

அடுத்த வாரம் இரண்டு டிரம்மையும் சேர்த்துப் போர்த்துவதற்கு ஓர் உறை தைத்துக்கொண்டு வந்தார். மிக்ஸிக்குத் தைப்போமே, அதே மாதிரி, ஓரத்தில் ரிப்பன் எல்லாம் வைத்து. நீலப் பூப்போட்ட துணி. மின் உற்பத்தி ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டியிருந்த கொட்டகையில், அதற்குப் பிறகு யாரோ படுத்திருப்பது போல அது கிடந்தது.

தினமும் காலை ஒன்பதரைக்கு வருவார். உறையின் ஒரு மூலையைத் தூக்குவார். சின்ன டிரம்மில் இருந்த அழுத்தமானியைப் பார்ப்பார். பதிவேட்டில் எழுதுவார். உறையை இறக்கிச் சுருக்கம் நீவிவிட்டுப் போவார். நேற்று எழுதிய எண்ணே இன்றும். போன மாதம் எழுதிய எண்ணே இந்த மாதமும்.

“மேடம், வெயில் ஏறுது, எறங்குது. முள்ளு கொஞ்சமாச்சும் அசையணுமே” என்று கேட்டேன்.

“அசையலைன்னா நல்லா மூடியிருக்குன்னு அர்த்தம். நீங்க போயி படிக்கிற வேலையப் பாருங்க.”

திறக்கலாமா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்களை வைத்தே ஒரு பஞ்சாங்கம் போடலாம். மார்கழியில் பனி. தையில் விடுமுறை. மாசியில் சிவராத்திரிக் கூட்டத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது. சித்திரையில் வெளியிலேயே சூடு, அப்போது எடுத்தால் யாருக்குத் தெரியும். ஆனியில் பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள், அதுவரை இருக்கட்டும்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள். மேடம் ஒரு திரை விலக்குவது போல உறையை விலக்கினார். “இதுக்குள்ள எவ்வளவு சூடு இருக்குன்னு நெனைக்கிறீக?” என்றார். அவர்கள் ஆளுக்கு ஒருமுறை அந்தக் குளிர்ந்த எஃகைத் தொட்டுப் பார்த்தார்கள். “ஆமாம், ஆமாம்” என்றார்கள். ஒருவர் கையை உதறிக்கொண்டார், சுட்டுவிட்டதாம். எல்லாரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆனியிலேயே நான் ஆய்வறிக்கையைக் கொடுத்திருக்க வேண்டும். அதில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. திறந்தது முதல் தீர்ந்தது வரை சூடு எவ்வளவு ஏறியது, எப்படி இறங்கியது, எவ்வளவு மின்சாரம் வந்தது என்று காட்டும் ஒரே ஒரு வளைகோடு. அது இல்லாமல் மற்ற நூறு பக்கமும் வெறும் காகிதம். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. தீபாவளிக்குள் முதுநிலையை முடித்துவிட்டு வந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு என்று எழுதியிருந்தார்கள். கல்லூரியும் தீபாவளி வரைதான் அவகாசம் நீட்டித்தது.

அதை மேடத்திடம் சொன்னேன்.

“அந்த எடம் எங்குட்டும் ஓடிப் போகாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார்.

“அடுத்த வருஷம் வேற ஆளு இருப்பாங்க மேடம்.”

“எதையும் இருக்குறப்பவே செலவழிச்சுறணும்னு ஒங்க காலத்துப் பிள்ளைக நெனைக்கிறீக.”

வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார், “ஏன் ஆத்தா, அந்தம்மா நெல்லக் காயப்போட்டுட்டு அள்ளவும் விடாம, குத்தவும் விடாம, சும்மா காவல் காக்குதாக்கும்?”

“ஆமாப்பா.”

“எங்க மொதலாளி கண்ணுல பட்டுறாமப் பாத்துக்க. நல்ல வாட்ச்மேன் கெடைக்கலன்னு தேடிக்கிட்டு இருக்காரு.”

ஆயுத பூஜை வந்தது. மேடம் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுவார், பூஜையைத் தள்ளமாட்டார். எங்கள் கொட்டகையைக் கழுவி, தோரணம் கட்டி, மேசையில் பட்டுத்துணி விரித்தார். பெட்டி பிரிக்காத பட்டுத்துணி அல்ல, பழையதுதான். ஸ்பேனர், சுத்தியல், டெஸ்டர், வெல்டிங் முகமூடி எல்லாவற்றுக்கும் ஃபிட்டர் அண்ணன் சந்தனமும் குங்குமமும் வைத்தார். என்னுடைய ஆய்வறிக்கையின் நூறு பக்கத்தையும் புத்தகங்களோடு வைத்தேன்.

“மேடம், எல்லாம் வச்சாச்சு. நம்ம வால்வு கைப்பிடி மட்டும் இல்ல” என்றேன்.

“அது எதுக்கு?”

“அதுவும் ஆயுதந்தான மேடம். எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டு அதுக்கு மட்டும் வைக்கலைன்னா நல்லாவா இருக்கு?”

ஃபிட்டர் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்து, “ஆமா மேடம், ஒண்ண மட்டும் ஒதுக்கப்புடாது. அது சும்மா இருக்காது” என்றார்.

மேடம் பைக்குள் இருந்த பையைத் திறந்தார். கைக்குட்டையைப் பிரித்தார். பட்டுத்துணியின் நடுவில் கைப்பிடியை வைத்து, எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக அதற்கு வைத்தார்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, அதைக் கொண்டு கொஞ்சமாவது வேலை செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருடம் முழுக்க அந்தப் பொருள் வேலைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மறுநாள் ஓட்டுநர் கல்லூரிப் பேருந்தை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்று சுற்றினார். ஃபிட்டர் அண்ணன் ஒரு துண்டு இரும்பில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தார். நான் ஆய்வறிக்கையில் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். மேடம் ஒரு பாடப்புத்தகத்தில் இரண்டு வரி படித்தார். மேசையில் கடைசியாகக் கைப்பிடி மட்டும் மிச்சம் இருந்தது.

சுண்டலுக்காக வந்த அலுவலகத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கொஞ்சமாத்தான்” என்றார் மேடம்.

“கொஞ்சம் போதும் மேடம்” என்றேன்.

உறையை எடுத்தார். கைப்பிடியை மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கால் சுற்றுத் திருப்பினார். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். பெரிய டிரம்மின் வெப்பமானி முப்பத்தொன்றில் இருந்து முப்பத்துமூன்றுக்குப் போனது. அங்கேயே நின்றது. சக்கரம் அசையவில்லை. மணிகள் பதினோரு மாதம் காத்திருந்து இரண்டு டிகிரி கொடுத்தன. அலுவலகத்து ஆட்கள் சுண்டலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அதற்குள் மேடம் வால்வைப் பழையபடி இறுக்கி மூடிவிட்டார்.

“பாத்தீகளா? தொறந்ததுனாலதான் போச்சு” என்றார் என்னிடம். “மூடி இருந்த வரைக்கும் எல்லாம் இருந்துச்சு.”

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. எல்லாரும் போன பிறகு நானும் ஃபிட்டர் அண்ணனும் சின்ன டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்தோம். மேடமும் போகவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றார். அழுத்தமானியின் முள் இன்னும் பழைய எண்ணிலேயே இருந்தது. வால்வைத் திறந்து மூடிய பிறகும் அசையாத முள். அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கே, டிரம்மையும் மானியையும் இணைக்கும் குழாயில், ஒரு குட்டித் திருகு இருந்தது. அதுவும் மூடியிருந்தது. திறந்தேன். முள் ஒரே தாவலில் பூஜ்யத்தில் விழுந்தது, உள்ளே வெற்றிடமே இல்லை. சின்ன டிரம் முழுக்க வெளிக்காற்று.

“மேடம், இத யாரு மூடுனா?”

“நாந்தான். தெனமும் அழுத்தத்துலயே இருந்தா முள்ளு தேஞ்சுபோகுமேன்னு.”

பதினோரு மாதமாக அவர் பதிவேட்டில் எழுதியது டிரம்மின் அழுத்தத்தை அல்ல. அந்த விரல் நீளக் குழாய்க்குள் முதல் நாள் மாட்டிக்கொண்ட அழுத்தத்தை.

அப்படியானால் காற்று எங்கிருந்தோ நுழைந்திருக்கிறது. சின்ன டிரம்மில் லேசாகக் காற்றடித்து, மூட்டுகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினோம். தண்ணீரைப் பார்ப்பதற்காக வைத்திருந்த வட்டக் கண்ணாடியின் விளிம்பில் நுரை கிளம்பியது. கழற்றினால், கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்பிய நீலத்தாள் அப்படியே இருந்தது. ரப்பர் வளையம் கண்ணாடியில் உட்காரவில்லை, தாளின்மேல் உட்கார்ந்திருந்தது. தாளின் சுருக்கத்துக்குள் காற்று சாவகாசமாகப் போய்வந்திருக்கிறது.

“அன்னைக்கே நான் பிச்சுருவோம்னு சொன்னேன் தங்கச்சி” என்றார் ஃபிட்டர் அண்ணன். “புதுக் கண்ணாடி, அப்படியே மாட்டுங்கன்னு...” வாக்கியத்தை முடிக்காமல் மேடத்தைப் பார்த்தார்.

மேடம் கண்ணாடியை நீலத்தாளோடு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளைக் கிழித்துவிடச் சொன்னேன். அவர் கிழிக்கவில்லை, மெதுவாக உரித்து நான்காக மடித்தார்.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டை சின்ன டிரம்மில்தான். மணிகள் இருந்த பெரிய டிரம் வால்வுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதை அவர் மூடிய விதத்தில் எறும்பு மூச்சுக்கூட உள்ளே போயிருக்காது. விஜயதசமி அன்றும் பாய்ந்து மூடிவிட்டதால் நுழைந்தது கொஞ்சம் காற்றுதான். மணிகளை மறுபடி சுடவைக்க வேண்டியதில்லை. கண்ணாடியைச் சரியாக மாட்டி, இரண்டு டிரம்மிலிருந்தும் காற்றை உறிஞ்சி எடுத்தால் போதும். கணக்கு போட்டுக் காட்டினேன். மேடம் அதைப் படித்துவிட்டு, “தேதி?” என்றார்.

“நாளைக்கு மேடம்.”

“வெள்ளிக்கெழம...”

“பூஜையில வச்சத கால் சுத்துதான் திருப்பியிருக்கீங்க மேடம். மிச்சம் பாக்கி இருக்கு.”

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நானே திறந்தேன். இந்தமுறை முழுச் சுற்றும். முப்பத்தொன்று, நாற்பத்தைந்து, அறுபது என்று ஏறியது. பத்து நிமிடத்தில் எண்பதைத் தாண்டிவிட்டது. ஃபிட்டர் அண்ணன் வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கத்தினார்.

“தங்கச்சி, இங்குட்டு வா! தண்ணி தளதளன்னு கொதிக்குது, மேல ஐஸு கட்டுது! ரெண்டும் ஒண்ணா! என்ன கூத்து இது!”

காற்றில்லாத இடத்தில் தண்ணீர் அப்படித்தான், கொதித்துக்கொண்டே உறையும். படித்தது எனக்குத் தெரியும். பார்த்தது அன்றுதான். சக்கரம் ஒருமுறை சிணுங்கியது, பிறகு சுற்றத் தொடங்கியது. வரிசையாக மாட்டியிருந்த நான்கு சிறு விளக்குகளும் எரிந்தன. நான் நிமிடத்துக்கு நிமிடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாவது நிமிடத்தில் மேடம் சொன்னார்: “போதும். மூடிருவோம்.”

“மேடம்?”

“அதான் எரிஞ்சுருச்சுல்ல. பாதி இருக்கட்டும். யாராச்சும் வந்தா காட்டலாம்.”

“பாதி வளைகோட்ட வச்சு பட்டம் குடுக்க மாட்டாங்க மேடம். தீர்ற வரைக்கும் வேணும்.”

“கைப்பிடியத் தாங்க.”

கையை நீட்டினார். கைப்பிடியை வால்விலிருந்து நான் ஏற்கெனவே கழற்றி என் கையில் வைத்திருந்தேன், அவரிடம் கற்றதுதான். ஃபிட்டர் அண்ணன் யாரும் கேட்காமலே, “என் கை எண்ணெயா இருக்கு மேடம்” என்று சொல்லித் தள்ளிப்போனார். என் ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரே நிற்கிறார். அவர் போடமாட்டேன் என்றால் வளைகோட்டை நான் லேமினேட் செய்து வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

“தர மாட்டேன் மேடம்” என்றேன். சொல்லிவிட்டு அந்த நிமிடத்தின் அளவை எழுதினேன், எழுத்து கோணியது.

மேடம் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். பிறகு வெளியே போய்த் திரும்பி நின்றுகொண்டார். ஜன்னல் வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நான்கு விளக்கில் ஒன்று மங்கியது. பிறகு இன்னொன்று. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் சக்கரம் நின்றது. கடைசி விளக்கு அணைந்த பிறகு உள்ளே வந்தார்.

“தீந்துருச்சா?”

“தீந்துருச்சு மேடம்.”

அவர் பெரிய டிரம்மின் அருகே போனார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். விளக்கெரிக்கும் அளவு சூடு போய்விட்டாலும், தொட்டால் கை பொறுக்கிற கதகதப்பு இன்னும் இருந்தது. கையை எடுக்கவில்லை.

“நெசமாவே உள்ள இருந்துருக்கு” என்றார். என்னிடம் சொல்லவில்லை.

பதினோரு மாதம், வந்தவர்கள் எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னவர். அவர் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான். அதுவரை அவர்மேல் நான் சேர்த்துவைத்திருந்த கோபத்தில் பாதியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மிச்சப் பாதி இருந்தது, நல்லவேளையாக.

ஆய்வறிக்கையில் காற்றுக் கசிவைப் பற்றி ஒரு பகுதி எழுதினேன். ‘நீலத்தாள்’ என்று எழுதினேன், யார் என்று எழுதவில்லை. மேடம் அதை இரண்டு நாள் படித்தார். கையெழுத்துப் போடும் முன், ‘திட்டத் தலைவரின் அறிவுரைப்படி தாள் அகற்றப்படவில்லை’ என்று தன் கையாலேயே ஓரத்தில் சேர்த்தார். அதையும் சேர்த்தே தட்டச்சு செய்தேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கொடுத்தேன். வீட்டில் அப்பா அந்த வளைகோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்லா ஏறியிருக்கு ஆத்தா” என்றார்.

சென்னைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று மேடம் அழைத்தார். வழக்கம்போல அவரே அழைத்துவிட்டு, “ஹலோ, யாரு பேசுறீக?” என்றார். விசாரித்தார். பெரிய டிரம்மை மறுபடி காயவைத்திருக்கிறாராம், என் தலைமுறை ஆட்கள் யாரையும் கிட்டே விடவில்லையாம். அப்புறம் புத்தி சொன்னார்.

“அங்க பெருசா ஒண்ணு வச்சிருக்காகளாம்ல. மொத வருஷம் எதையும் தொறந்துறாதீக. நல்லாப் படிங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். அவசரமே இல்ல.”

“சரி மேடம்” என்றேன்.

என் எதிரே பதினாறு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இருபத்தேழாவது நிமிடம். தோளில் கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, அளவை எழுதினேன்.